பேய்க்கு இருபத்துமூன்று வயது

முதல் பாகத்தில் செத்தது நான்.
டோங்காட்டில், நாங்கள் படித்த அதே பள்ளியின்
நெட்பால் திடலுக்குப் பின்னால், கரும்புக்காட்டில்.
தக்காளி சாஸும் கோக்கும் கலந்த ரத்தம்.
கழுத்தில் எறும்பு மொய்த்து நான் துடித்ததை மட்டும்
நல்ல நடிப்பு என்றார்கள்.

தப்பித்தவள் குபேஷ்னி.
கடைசிக் காட்சியில், ஒற்றைக் காலில் மட்டும் ஷூவுடன்,
பெரிய சாலைக்கு ஓடிவந்து
வருகிற மினிபஸ் டாக்ஸிக்குக் கை காட்டுவாள்.
அது நிற்கும்.
படத்தில் அது நிற்கும்.

ஐந்து வருஷம் கழித்து டெவன் முன்சாமி கூப்பிட்டான்.
இரண்டாம் பாகம். யாரோ பணம் போடுகிறார்களாம்.
"பேய் இல்லாம எப்படி, நீ வந்தே ஆகணும்."
சூப்பர்மார்க்கெட்டில் நான்காம் கல்லா என்னுடையது.
மூன்று நாள் லீவு கேட்டேன்.
காரணம் என்ற கட்டத்தில்
குடும்ப விசேஷம் என்று எழுதினேன்.

பழைய யூனிஃபார்ம் இடுப்பில் ஏறவில்லை.
பிரிநேஷா முதுகுப்பக்கம் கத்தரித்து
ஒரு பெரிய சேஃப்டி பின் குத்தினாள்.
"முன்னாடியிருந்து மட்டும் பயமுறுத்து."
செத்தவர்களுக்கு வயசு ஏறாது என்று
கதையில் ஒரு வரி இருக்கிறது.
டெவன் என் தாடையைப் பார்த்தான்.
விளக்கைக் குறைக்கச் சொன்னான்.

அதுவே அணைந்தது. லோட் ஷெட்டிங்,
ஆறிலிருந்து எட்டரை.
அறிவியல் கூடத்தில், அமில வாசனைக்கு நடுவே,
ஒரு கால் ரொட்டி பன்னிச்சௌவை நாலு பேர் பிய்த்துத் தின்றோம்.
யாராவது கேட்டாகவேண்டும். பிரிநேஷா கேட்டாள்:
பேய் தேடி வரவேண்டியவளே இல்லையே, என்ன செய்வாய்?

டெவன் மடிக்கணினியைத் திறந்தான்.
முதல் பாகத்தில் வெட்டிப்போட்டதெல்லாம் இருக்கிறது.
குபேஷ்னி திரும்புகிறாள்.
குபேஷ்னிக்கு மூச்சு வாங்குகிறது.
எங்கோ தோட்டம் எரித்த கரும்புச் சாம்பல்
அவள் வகிட்டில் கறுப்பு இழையாக விழுகிறது,
ஊதிவிடுகிறாள். கட் சொன்ன பிறகும்
கொஞ்ச நேரம் பயந்தபடியே நிற்கிறாள்.
அவளுக்கு நான் இருநூறு ராண்ட் தரவேண்டும்.

மறுநாள் விடியலில் ஷூட்டிங்.
அவள் நிற்கவேண்டிய இடத்தில்
ஒரு துடைப்பக் கட்டையை நட்டு
உச்சியில் மஞ்சள் டென்னிஸ் பந்தைச் செருகினார்கள்.
அதுதான் அவள் கண்.
அதைப் பார்த்து நான் கை நீட்டவேண்டும்,
வசனம் சொல்லவேண்டும்:
"என்னை ஏன் விட்டுட்டுப் போனே?"

முதல் டேக்கில் டெவன் கத்தினான்,
பேய் அழக்கூடாது.
இரண்டாவதில் ஹடேடா ஒன்று
கூரையிலிருந்து தொண்டை கிழியக் கத்தியது.
சவுண்ட் எடுக்கிற பையன் கட்டைவிரலை உயர்த்தினான்.
ஐந்தாவது ஓகே.
பந்தில் யாரோ ஒரு நாயின் பல் தடம் இருந்தது.

ராத்திரி ஒட்டவைத்துப் பார்த்தோம்.
நான் கை நீட்டுகிறேன், வெட்டு, அவள்.
கேட்கிறேன், வெட்டு, அவள்.
இப்படித்தான் ஒரே காட்டில் நின்றோம் இருவரும்,
உயிரோடிருக்கும் பேயும்
தப்பித்துச் செத்தவளும்.

பாட்டரி நாலு சதவீதம் இருக்கும்போது
பெயரில்லாத ஒரு துண்டு ஓடியது.
தேதி பழசு. இடம் அதே இடம்.
இதை நான் எடுத்ததே இல்லை என்றான் டெவன்,
எல்லாவற்றையும் அவன்தான் எடுத்தான்.
குபேஷ்னி கேமராவைப் பார்க்கவில்லை.
அதற்கு இடப்பக்கம், என் உயரத்தில்,
யாரையோ பார்க்கிறாள்.
சிரிப்பை அடக்கிக்கொண்டு, வாயைப் பொத்தியபடி:

"ஏய், திரும்பாதே.
பின்னாடி பின் தெரியுது."

திரை அணைந்தது.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.
நான் கையை முதுகுக்குக் கொண்டுபோனேன்.
பின் மூடியிருந்தது.
கீழே இன்னொன்று,
சின்னது, துருப்பிடித்தது,
பிரிநேஷா குத்தாதது.